ரோஸ் எந்தப் பக்கம்

அய்யய்யோ, இருங்க இருங்க, அந்த டேப்பை அழுத்தி ஒட்டிடாதீங்க பெயிண்டரண்ணே! அட்டை ரெண்டையும் இடம் மாத்தணும். ஆமா, ரெண்டையும்தான். இடது கைப் பக்கம் இருக்கிற ரோஸைப் பிரிச்சு வலது பக்கம் ஒட்டுங்க, பச்சை இந்தப் பக்கம் வரட்டும். எல்லாம் காரணமாத்தான் சொல்றேன். இப்படி ஒரு கிறுக்கி வீட்டுல வந்து மாட்டிக்கிட்டோமேன்னு நெனைக்கிறீங்க, மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கு. நெனைச்சுக்கோங்க, பரவாயில்ல, ஆனா கை நிக்க வேண்டாம். மணி மூணாச்சு. அவரு முடி வெட்டிக்கப் போயிருக்காரு, எந்த நிமிஷமும் வந்து நிப்பாரு.

இன்னும் கொஞ்சம் மேல. ம், போதும், ரெண்டும் ஒரே மட்டத்துல இருக்கட்டும். சுவத்துலயே அடிச்சா அடியில இருக்கிற பழைய நீலம் எட்டிப் பாக்கும்னு நீங்க அட்டையில அடிச்சுக் கொண்டாந்தது எவ்வளவு நல்லதாப் போச்சு பாருங்க. இல்லேன்னா இந்த நேரத்துல நான் என்ன பண்ணுவேன்?

அந்த டப்பா ரெண்டையும் சாக்குக்குக் கீழ தள்ளுங்க. மூடியில எதாச்சும் எழுதியிருக்கா? அட, நான் கேட்டதும் நல்லதாப் போச்சு, கொட்டை எழுத்துல ரோஸ்னு எழுதி வச்சிருக்கீங்களே! திருப்பி வைங்க. பிரஷ்ஷை வாளியில போடுங்க. உங்க முழங்கையில கூட அப்பியிருக்கு, பாத்தீங்களா. அது இருந்துட்டுப் போகுது, விடுங்க. அதுல பேரு எழுதலையே.

நீங்கதானே சொன்னீங்க, டீ குடிக்கிறப்ப? சார் பதினோரு மணிக்குப் போன் பண்ணாரு, ரோஸ் எந்தப் பக்கம் ஒட்டியிருக்கீங்க, பச்சை எந்தப் பக்கம் ஒட்டியிருக்கீங்கன்னு கேட்டாரு, சாருக்கு ரொம்ப ஆர்வம்மான்னு சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க. ஆர்வமாம் ஆர்வம்! டீ டம்ளரை ஏன் கீழ வச்சேன்னு நெனைச்சீங்க?

நீங்களே சொல்லுங்க அண்ணே. வீட்டுக்கு வந்தா கண்ணால பாத்துக்கப் போற சமாச்சாரம். அதை ஒருத்தர் போன் போட்டு எந்தப் பக்கம்னு எதுக்குக் கேக்கணும்?

ஆமா. இப்பப் புரியுதா? அதேதான்.

உக்காருங்க, ஏணியில வேண்டாம், அந்த ஸ்டூல்ல உக்காருங்க. உங்களை நான் மூணு நாளாப் படுத்தி எடுத்தேன் இல்ல, ரோஸும் பச்சையும் வெளுப்பு ஒரே மாதிரி வரணும், ஒண்ணு தூக்கலா ஒண்ணு மங்கலா இருக்கக் கூடாதுன்னு? நீங்க மூணு தடவை கலக்கிட்டு, இந்தம்மாவுக்கு வேற வேலையே இல்லையான்னு முணுமுணுத்தீங்க. எனக்குக் காது நல்லாவே கேக்கும். கோபம் இல்ல. ஒண்ணு தூக்கலா இருந்தா அதை வச்சே அவரு கண்டுபிடிச்சுடுவாரு, அதுக்குத்தான். கலரை மட்டும் வச்சு அவரால சொல்ல முடியுதான்னு எனக்குத் தெரியணும்.

அவரு என்ன வேலை பாக்குறாருன்னு உங்களுக்குத் தெரியாதா? ரயில் ஓட்டுறாரு அண்ணே. பதினேழு வருஷமா.

அப்படிப் பாக்காதீங்க என்னை.

போன வருஷம் நெஞ்சுல சளி கட்டி ஏழு மாசம் மாத்திரை சாப்பிட்டாரு. அதுல ஒரு மாத்திரை சில பேருக்குக் கண்ணுல கலரைக் கெடுக்குமாம். லட்சணமா டாக்டர் மொதல்லயே சொல்லித்தான் குடுத்தாரு, எதாச்சும் வித்தியாசமாத் தெரிஞ்சா ஒடனே வந்து சொல்லுங்கன்னு. இவரு சொல்லுவாரா? வாயைத் தெறந்தா முத்து உதிர்ந்துடும். தக்காளி வாங்கிட்டு வாங்கன்னா பையி நெறையக் காயாக் கொண்டு வந்தாரு. கடைக்காரன் ஏமாத்திட்டான்னாரு. நானும் நம்பி, கடைக்காரனைப் போய் சண்டை போட்டுட்டு வந்தேன்! அந்த ஆளு பாவம், அம்மா, சார்தான் ஒண்ணு ஒண்ணாப் பொறுக்கி எடுத்தாருங்கிறான். அப்புறம் பாப்பாவுக்கு ஒரு கால்ல பச்சை சாக்ஸ், ஒரு கால்ல சிவப்பு சாக்ஸ் போட்டு ஸ்கூலுக்கு அனுப்பினாரு. அவ சாயங்காலம் வந்து, அப்பா தமாஷ் பண்ணிட்டாருன்னு சொல்லிச் சிரிக்கிறா. அவரும் சேர்ந்து சிரிச்சாரு. அந்தச் சிரிப்பு எப்படி இருந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும்.

மாத்திரையை நிறுத்தியாச்சு, நிறுத்தி நாலு மாசம் ஆச்சு. நிறுத்தினா கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பிடும்னு சொன்னாங்க. எனக்குத் திரும்பிடுச்சு, எல்லாம் முன்ன மாதிரியே தெரியுதுன்னு சத்தியம் பண்றாரு. நானும் அப்படித்தான் நெனைச்சுக்கிட்டிருந்தேன். போன வாரம்கூட இந்த ரூம்ல நின்னுக்கிட்டு, இந்த மூலையில மட்டும் நீலம் வெளுத்துப் போச்சு பாத்தியான்னு கேட்டாரு. பாத்தா நெசமாவே வெளுத்துத்தான் இருக்கு, அதோ, அலமாரி பக்கத்துல. எனக்கு அப்பிடியே மனசு குளுந்து போச்சு.

அப்புறம்தான் அந்தப் போன் வந்துச்சு. அவரு கூட வண்டியில அசிஸ்டென்ட் ஒருத்தர் போவாரு. சிக்னல் கண்ணுல பட்ட ஒடனே ரெண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லணும், அது அவங்க வேலையில ஒரு முறை. ஓட்டுறவர் மொதல்ல பச்சைம்பாரு, அசிஸ்டென்ட் திருப்பிப் பச்சைன்னு சொல்லணும். அந்த ஆளு கூப்பிட்டு, அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க, அண்ணன் இப்பல்லாம் நான் சொல்ற வரைக்கும் வாயைத் தெறக்கவே மாட்டேங்கிறாரு, நான் பச்சைன்னா அவரும் பச்சைங்கிறாரு, நான் சிவப்புன்னா அவரும் சிவப்புங்கிறாரு, அண்ணனுக்கு ஒடம்பு எதாச்சும் சரியில்லையான்னு கேட்டாரு. நல்ல மனுஷன். ஆபீஸ்ல போய்ப் போட்டுக் குடுக்காம என்கிட்ட சொன்னாரே.

அந்த அசிஸ்டென்ட் கூட இருக்கிற வரைக்கும் எப்படியோ ஒரு ஜோடிக் கண்ணு முன்னாடி பாத்துக்கிட்டிருந்துச்சு அண்ணே. நான் அதைச் சொல்லித்தான் மனசைத் தேத்திக்கிட்டேன். இன்னையிலேர்ந்து லோக்கல் வண்டிக்கு மாத்திட்டாங்க. ஊருக்குள்ள ஓடுற வண்டி. அதுல அசிஸ்டென்ட் கெடையாது. ஒரே ஆளு. நாலரை மணிக்கு வண்டி எடுக்கணும்.

சிக்னல்ல எரியுற வெளக்கு மேல இருக்கா கீழ இருக்கான்னு பாத்துக் கண்டுபிடிச்சுடலாமேன்னு நானும் உங்களை மாதிரித்தான் கேட்டேன். அந்த லைன்ல ஒரே ஒரு வட்டம்தானாம். அந்த வட்டத்துலயே எல்லாக் கலரும் மாறி மாறி வருமாம்.

கேக்காம இருப்பேனா? நேராத்தான் கேட்டேன். நல்லாத் தெரியுதா, என் தலைமேல அடிச்சு சொல்லுங்கன்னேன். தட்டைத் தள்ளி வச்சுட்டு எந்திரிச்சுட்டாரு. என் பொண்டாட்டியே என்னைக் குருடன்னு சொல்றா, போய் ஊரு பூரா தமுக்கடிச்சுட்டு வான்னு ஒரே சத்தம். ரெண்டு நாளு மூஞ்சி குடுத்துப் பேசல. தலைவலின்னு சொல்லி ஒரு வாரம் லீவு போடுங்க, நல்ல கண் டாக்டரா பாப்போம்னு கெஞ்சினேன். கண்ணு டாக்டர்னு சொன்னாலே மனுஷன் எகிறிக் குதிக்கிறாரு. பதினெட்டு வயசுல இஞ்சினைக் கழுவுற வேலைக்குப் போயி அங்கேர்ந்து ஏறி வந்தவரு அண்ணே. அந்த சீட்டுல உக்காந்தாத்தான் நான் மனுஷன்னு சொல்லுவாரு.

பரீட்சையா? ஆமா, அவங்க ஆபீஸ்ல கண்ணு பரீட்சை உண்டு, வருஷா வருஷம் வச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. மூணு மாசம் முன்னாடி நடந்துச்சு. பாஸ் ஆயிட்டாரு. ஆயிட்டாருங்க, சர்டிபிகேட் பீரோவுல இருக்கு. எப்படின்னா என்னத்தைச் சொல்றது, ஆயிட்டாரு. அதை விடுங்க இப்ப.

பாப்பா ரொம்ப நாளா ரோஸ் ரூம் ரோஸ் ரூம்னு அரிச்சுக்கிட்டே இருந்தா. சரி, ஒரே கல்லுல ரெண்டு மாங்கான்னு உங்களை வரச் சொன்னேன். சாயங்காலம் டூட்டிக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டையும் பாத்து எது வேணும்னு சொல்லுங்க, பெயிண்டர் காத்துக்கிட்டிருக்காருன்னு காலையிலயே சொன்னேன். அவரு ஒடனே ஆபீஸ்ல ஒரு கையெழுத்துப் போடணும், அப்படியே முடியும் வெட்டிட்டு வர்றேன்னு கெளம்பிட்டாரு. பதினோரு மணிக்கு உங்களுக்குப் போன். இடது பக்கம் ரோஸ்னு நீங்க சொன்னது இப்ப அவரு மனசுல ஆணி அடிச்ச மாதிரி இருக்கும்.

எனக்கு ஒரே ஒரு வேண்டுதல்தான். அவரு உள்ள வந்து பாத்துட்டு, என்னடி இது, பெயிண்டர் இடதுன்னாரு, இங்க வலதுல இல்ல இருக்குன்னு என்னைப் புடிச்சுத் திட்டணும். வண்டி வண்டியாத் திட்டட்டும். அப்படியே கால்ல விழுந்துடுவேன். திட்டு வாங்குறதுக்கு இவ்வளவு ஆசைப்பட்ட பொம்பளையை நீங்க பாத்திருக்க மாட்டீங்க.

வாசல் கேட்டு சத்தம். அவருதான். அண்ணே, ஒரு வார்த்தை பேசாதீங்க. கேட்டாக்கூட எதாச்சும் பொதுவாச் சொல்லுங்க. அட்டையைப் பாக்காதீங்க, உங்க கண்ணு போற பக்கத்தை வச்சே புடிச்சுடுவாரு. உப்புத்தாளை எடுத்து ஜன்னலைத் தேய்ங்க.

வாங்க. நல்லாத்தான் வெட்டியிருக்கான், இந்தக் காதுக்குப் பின்னால மட்டும் கொஞ்சம் விட்டுட்டான். இருங்க, கழுத்துல முடி ஒட்டியிருக்கு, தட்டி விடுறேன். டீ அப்புறம் குடிக்கலாம். அண்ணன் காலையிலேர்ந்து உங்க ஒருத்தருக்காகத்தான் உக்காந்திருக்காரு, மொதல்ல பாத்துச் சொல்லிடுங்க. எது அடிக்கலாம்?

என்னை ஏன் பாக்குறீங்க, சுவத்தைப் பாருங்க. அவரை ஏங்க கேக்குறீங்க, அவரு வீடா இது, நம்ம வீடு. நீங்க சொல்லுங்க.

இடது பக்கமா?

அவசரமே இல்ல, நல்லாப் பாத்துச் சொல்லுங்க. ஜன்னல் தெறந்துதான் இருக்கு, வேணும்னா லைட்டையும் போடுறேன். கிட்டப் போய்ப் பாருங்க. சும்மாதாங்க சொல்றேன், அடிச்சப்புறம் மாத்த முடியாது பாருங்க. இதுவா? நீங்க இப்பக் கை வச்சிருக்கீங்களே, இதுவா?

ஆமா. பாப்பாவுக்கு ரோஸ்னா உயிரு. இல்லேன்னு யாரு சொன்னா.

அது வேண்டாமா? ஆஸ்பத்திரி பச்சை மாதிரி இருக்கா, அந்த வலது பக்கம் இருக்கிறது? சரிங்க. சரி. அதை விட்டுடலாம். இதையே அடிச்சுடச் சொல்றேன். நீங்க போய்க் குளிங்க, நேரமாகுது. துண்டு கதவுலயே தொங்குது. யூனிபாரம் தேய்ச்சு நாற்காலியில வச்சிருக்கேன்.

போயிட்டாரு. அண்ணே, அந்தக் கதவைச் சாத்துங்க. தாழ் வேண்டாம், சாத்துங்க போதும்.

பாத்தீங்களா? நீங்களும் பாத்தீங்க இல்ல? நான் மட்டும் பாக்கல இல்ல? உள்ளங்கையை முழுசா அந்தப் பச்சை மேல வச்சுக்கிட்டு, பாப்பாவுக்கு ரோஸ்னா உயிருங்கிறாரு. அய்யோ, என் வீட்டுக்காரரு. எவ்வளவு தைரியமாச் சொன்னாரு பாத்தீங்களா, ஆஸ்பத்திரி பச்சைன்னு.

தண்ணி வேண்டாம். நீங்க குடிங்க.

இடது வலது கொழம்பியிருப்பாரா? இல்லண்ணே, என்னை சமாதானப்படுத்தணும்னு சொல்றீங்க. கை வச்சுக் காட்டினாரே. நீங்க நல்ல மனசுக்காரரு, ஆனா நீங்களும் நானும் சேர்ந்து பொய் சொல்லிக்கிட்டா அந்த வண்டி நிக்காது.

இன்னைக்கு மட்டும் விட்டுட்டு நாளைக்கு நிதானமா எடுத்துச் சொல்றதா? நாலரைக்கு எந்தக் கூட்டம்னு தெரியுமா உங்களுக்கு? ஆபீஸ் விட்டு வர்றவங்க. ஸ்கூல் விட்டு வர்ற புள்ளைங்க. ஏறுறதுக்கு எடமில்லாம கதவுல தொங்கிக்கிட்டுப் போகும். எங்க பாப்பா சங்கீத கிளாஸ் முடிஞ்சு அந்த வண்டியிலதான் ரெண்டு ஸ்டேஷன் வருவா, அப்பா ஓட்டுற வண்டியில வரப் போறேன்னு நேத்தே கூட்டாளிங்ககிட்ட எல்லாம் சொல்லி வச்சிருக்கா. இவரு வழியில சிக்னலுக்குப் போன் பண்ணி, ரோஸ் எந்தப் பக்கம்னு கேப்பாரா?

அவரு கெட்டவரு இல்ல அண்ணே. அப்படி நெனைச்சுடாதீங்க. ஒரு எறும்பைக்கூட ஒதுங்கித் தாண்டுவாரு. எப்படியாச்சும் இன்னும் கொஞ்ச நாளு ஓட்டிட்டா கண்ணு திரும்பிடும்னு நம்புறாரு. பயந்து போயிருக்காரு. பயந்தவனுக்குத்தான் பொய் இவ்வளவு சரளமா வரும், எனக்குத் தெரியாதா.

ஷ்ஷ், தண்ணி சத்தம் கேக்குது இல்ல? பத்து நிமிஷம் குளிப்பாரு. என் போன் அந்த ஜன்னல் மேடையில இருக்கு, எடுத்துக் குடுங்க. அவங்க ஆபீஸ் நம்பர். நீங்க டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள எழுதி வச்சுக்கிட்டேன். இதை அமுக்கினா பதினேழு வருஷம் போச்சு. இந்தப் படுபாவி என் பொழப்பைக் கெடுத்தாளேன்னு ஆயுசுக்கும் என்கூடப் பேச மாட்டாரு. அதையும் யோசிச்சுட்டேன். பேசாட்டாலும் எதிர்ல உக்காந்திருப்பாரு இல்ல? பாப்பா வீட்டுக்கு வந்துடுவா இல்ல? எனக்கு அது போதும்.

அடிக்குது. யாரும் எடுக்கல இன்னும். காத்திருக்கவும்னு ஒரு பொம்பளை குரல் சொல்லிக்கிட்டே இருக்கு.

அவங்க மொத கேள்வி என்ன கேப்பாங்கன்னு எனக்குத் தெரியும். பரீட்சையில எப்படிம்மா பாஸ் ஆனாருன்னு நீங்க கேட்டீங்களே, அதேதான் கேப்பாங்க. சொல்லிடப் போறேன். என்ன பண்ணுவாங்களோ பண்ணட்டும்.

ஒரு புத்தகம் அண்ணே அது. பக்கத்துக்குப் பக்கம் புள்ளி புள்ளியா ஒரு வட்டம் இருக்கும், நடுவுல வேற கலர் புள்ளியில ஒரு நம்பர் ஒளிஞ்சிருக்கும். கண்ணு நல்லா இருக்கிறவனுக்கு நம்பர் தெரியும், இல்லாதவனுக்கு வெறும் புள்ளிதான். போன்லயே அவ்வளவு பக்கமும் கெடைக்குது. டாக்டருங்க வரிசையாத்தான் புரட்டுவாங்களாம். மூணு வாரம், தினம் அவரு சாப்பிட்டு முடிச்சதும் சமையல்கட்டு மேசையில உக்காத்தி வச்சு நான்தான் சொல்லிக்குடுத்தேன். ஒண்ணாம் பக்கம் பன்னெண்டு. ரெண்டாம் பக்கம் எட்டு. தப்பாச் சொன்னா மொதல்லேர்ந்து. பாப்பாவுக்கு வாய்ப்பாடு சொல்லிக்குடுக்கிற மாதிரியே. மூணு மாசத்துல கண்ணு சரியாயிடும், அது வரைக்கும் சமாளிச்சுக் குடுடின்னு என் மடியில தலை வச்சு அழுதாரு அண்ணே, நான் என்ன பண்ணுவேன்? பரீட்சை அன்னைக்கு ஒண்ணுகூடத் தப்பு விடல. எனக்கு அன்னைக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? வாசல்ல நின்னு கையைத் தட்டினேன். போன் பண்ணிக் கேட்டு வச்சுக்கிட்டு, பாத்த மாதிரி சொல்றதுக்கு அவருக்கு யாரு சொல்லிக்குடுத்தான்னு நீங்க என்னைக் கேக்கவே இல்லையே.

தண்ணி நின்னுடுச்சு. எடுத்துட்டாங்க, எடுத்துட்டாங்க. ஹலோ? ஆமாங்க. நான் அவரு சம்சாரம் பேசுறேங்க. இன்னைக்கு நாலரை மணி லோக்கலுக்கு டூட்டி போட்டிருக்கீங்களே, அவரு சம்சாரம். இல்லைங்க, லீவு சொல்லக் கூப்பிடல. யாரு பெரியவங்களோ அவங்ககிட்டக் குடுங்க. இருக்கேன், லைன்லயே இருக்கேன்.

அண்ணே, அட்டை ரெண்டையும் பிரிச்சுடுங்க. ரோஸும் வேண்டாம், பச்சையும் வேண்டாம். பாப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன். அந்த மூலையில அவரே பாத்துச் சொன்ன வெளுத்த எடத்துக்கு மட்டும் அதே நீலத்தைக் கலந்து ஒரு கோட்டு அடிச்சு விடுங்க. நீலத்தை மட்டும் அவருக்கு நான் சொல்லிக்குடுக்கல.